ஒரே நாளில் வாங்கிய இரண்டு போன்கள்

வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, அவர்கள் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் நூறு அந்த இரண்டு போன்களையும் கொண்டுவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவான். "நல்லாப் பார்த்துக்கங்க. ஒரே மாடல். ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கினது. ரெண்டு வருஷம் ஆச்சு." பிறகு ஒவ்வொன்றிலும் பேட்டரி ஆரோக்கியம் என்று இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுவான். அவனுடையது நூறு சதவீதம். பெண்டாட்டியுடையது எழுபத்தொன்று. "போன் என்னங்க பண்ணும்? எல்லாம் வெச்சுக்கிறவங்க கையில இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். அவள் அங்கேதான் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நூறு என்பது அவன் பெயரில்லை, ஆபீஸில் வைத்த பட்டம். அவர்கள் கிண்டலுக்கு வைத்தார்கள். இவனோ அதை மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு, தன் போனுக்கே நூறு என்று பெயர் கொடுத்துவிட்டான். அந்தப் போனுக்குக் கிடைத்த மரியாதை அந்த வீட்டில் வேறு யாருக்காவது கிடைத்ததா என்றால், இல்லை. ஜன்னல் பக்கம் வைக்க மாட்டான், வெயில் பட்டுவிடும். எண்பதுக்கு மேலே ஏற்ற மாட்டான், முப்பதுக்குக் கீழே இறக்க மாட்டான். வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தை அடக்கி, ஒரு மெத்தென்ற துணிமேல் படுக்க வைத்திருப்பான். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அவள் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கம்பெனியில் முதல் பெண் மெக்கானிக் அவள்தான், அதனால் எல்லார் கண்ணும் அவள்மேல்தான். ஒரு வருஷம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம். ஒரு நாள் நேரில் வேலை, மறுநாள் வீட்டிலிருந்தே ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை நாளில் அவள் தூங்கலாம், துவைக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் எங்கேயாவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு கம்பெனியிலிருந்து போன் வந்தால் மூன்று நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பக்கத்து ஏரியா ஆள் ஒரு மணி நேரம் பயணம் செய்து வர வேண்டியதுதான். வருஷத்தில் மூன்று முறை அப்படி ஆனால் வேலை போச்சு.

அவளுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. வேலை நிரந்தரமென்று கையெழுத்தாக வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

இரண்டு முறையும் ஒரே கதைதான். போன் கூடத்து அலமாரியில் இருந்தது. படுக்கப் போகும்போது எண்பது காட்டியது. கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. முதல் முறை ஒரு மரச்சாமான் கடையின் சரக்கு லிஃப்டில் இரண்டு ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள், திட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இரண்டாவது முறை மாட்டியது ஒரு மாசமான பெண். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், தன்னந்தனியாக, ஒரு மணி பத்து நிமிஷம்.

மறுநாள் அவள் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்த பெண் உள்ளே வா என்று சொல்லவில்லை, வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள இருந்து உங்க கம்பெனிக்குப் பதினாலு தடவை போன் போட்டேன். மெக்கானிக் போன் ஆஃப்ல இருக்குன்னே சொன்னாங்க. குழந்தை அசையவே இல்ல, தெரியுமா? அந்த ஒரு மணி நேரம் அது அசையவே இல்ல. நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? தூங்கினீங்களா?"

தூங்கித்தான் இருந்தாள். "தப்பு என்னோடதுதாங்க, மன்னிச்சிடுங்க," என்று மட்டும் சொன்னாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக்கூட அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டேதான் சொன்னாள்.

சூப்பர்வைசர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "இங்க பாரும்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை உன் போன் ஆஃப்னு என் காதுல விழுந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் நீ நிம்மதியா வீட்டுலயே தூங்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். நூறு டீ போட்டுக் கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல டீதான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தான்: "நான் சொன்னா உனக்குக் கசக்குது. போனைச் சூடாக விடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சார்ஜ் ஏறும்போது நோண்டாதேன்னு சொன்னேனா இல்லையா? பேட்டரிங்கிறது நம்ம உடம்பு மாதிரிம்மா. பார்த்துக்கிட்டாத்தான் நிக்கும்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். நினைக்க நினைக்க இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிவது அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான்.

ஏனென்றால் அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். மொட்டை மாடி மெஷின் ரூம் கொதிக்கும் என்பதால் போனைக் கைக்குட்டையில் சுற்றிப் படிக்கட்டு நிழலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். மற்ற மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். வீட்டில் சமைக்கும்போது அடுப்புப் பக்கமே கொண்டுபோக மாட்டாள், கூடத்தில் வைத்துவிடுவாள். எண்பதைத் தாண்டியதும் சார்ஜரைப் பிடுங்குவதற்குக்கூட அவள் எழுந்துபோக வேண்டியதில்லை, அந்தச் சேவையை அவனே பார்த்துக்கொண்டான். அவள் ஸ்டாண்ட்பை நாட்களில் அவனுக்கும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, மற்ற நாட்களில் ஆபீஸுக்குப் போவான். இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டும் அந்தப் போன் தொட்டால் சுட்டது. தன் கையே ராசியில்லாத கை என்று அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வரும் வழியில், ஒரு வணிக வளாகத்துப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் போன் ரிப்பேர் கடையில் நின்றாள். அந்த வளாகத்து லிஃப்ட் அவள் பொறுப்புதான், அதனால் கடைக்கார அக்காளைத் தெரியும். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய, வெடுக்கென்று பேசுகிற அக்கா.

"புது பேட்டரி போட்டுடுங்கக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"இந்த மாடலுக்குச் சாமான் வர சனிக்கிழமை ஆயிடும். அது கிடக்கட்டும், நீ போனை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றே? ஆயிரத்து நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கு. ரெண்டு வருஷப் போன் மாதிரியா இருக்கு? எந்நேரமும் எதுக்கு ஹாட்ஸ்பாட் ஓட்டறே?"

"ஹாட்ஸ்பாட்டா? அதை நான் தொட்டதே இல்லக்கா."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். எது எவ்வளவு பேட்டரியைத் தின்றது என்ற கணக்கு அதில் நாள்வாரியாக இருந்தது. "இதோ, ஹாட்ஸ்பாட்தான் முதல் ஆளு. உன் போன் வழியா வேற யாரோ நெட் ஓட்டறாங்க. அதுவும் சார்ஜ் ஏறும்போதே. போனை அடுப்புமேல வெச்ச மாதிரிதான், பேட்டரி வெந்துபோகாம என்ன பண்ணும்? வேடிக்கையைப் பாரு, ஒரு நாள் இருக்கு, மறுநாள் இல்ல. திரும்ப இருக்கு, திரும்ப இல்ல."

ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் ஸ்டாண்ட்பை நாட்கள். அவள் போன் வீட்டில் இருந்த நாட்கள்.

"யாருன்னு தெரியுமாக்கா?"

"இணைஞ்சவங்க பேரு இருக்குமே. ரெண்டு இருக்கு. ஒண்ணு ஏதோ ஆபீஸ் கம்ப்யூட்டர். இன்னொண்ணு..." அக்கா கண்ணைச் சுருக்கினாள். "நூறுன்னு போட்டிருக்கு. இது என்ன பேரு?"

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. கோபம் வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வந்தது, யாராவது வேடிக்கை பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். வீட்டில் தனி நெட் இணைப்பு எதற்கு, தண்டம் என்று சொல்லித் துண்டித்தவன் அவன். தன் போனில் நெட்டை அணைத்தே வைத்திருந்தவன் அவன். அப்படியானால் நாள் முழுக்க அந்த மீட்டிங்குகள் எதில் ஓடின என்று இத்தனை நாளாக ஒரு தரமாவது தான் கேட்டோமா? அவனுக்கு அவள் போனின் பூட்டு எண் தெரியும். அவன் பூட்டு அவளுக்குத் தெரியாது, ஆபீஸ் ரகசியமாம்!

ராத்திரி அவள் ஒன்றும் பேசவில்லை. கேட்டால் இல்லை என்பான், இல்லாவிட்டால் அந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்பான். கையும் களவுமாகப் பார்த்துவிட வேண்டும்.

புதன்கிழமை, ஸ்டாண்ட்பை. காலைச் சமையல் முடிந்ததும் வழக்கம்போலப் போனைக் கூடத்து அலமாரியில் சார்ஜில் போட்டாள். "கொஞ்சம் படுக்கிறேங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை ஒரு விரலளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் வந்தான். அவள் போனை எடுத்தான், பூட்டைத் திறந்தான், இரண்டு தட்டுத் தட்டினான், திரும்ப வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான். கம்ப்யூட்டரில் யாரோ குட்மார்னிங் சொல்வது கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். எண்பது ஆகிவிட்டது போலிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினான், ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை. சட்டை நுனியால் போனின் முகத்தைத் துடைத்துவிட்டு நேராக வைத்தான். அடேயப்பா, என்ன அக்கறை!

அந்த மாசமானவள் உள்ளே மாட்டிக்கிடந்த அன்றைக்கும் இப்படித்தான் துடைத்து வைத்திருப்பான் என்று தோன்றியது. அவள் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பாய்ந்து வெளியே போயிருப்பாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. வந்தது நாத்தனார், அவன் தங்கை. போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். தங்கை செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தாளோ இல்லையோ, மேசைமேல் இரண்டு போனும் வந்துவிட்டன.

"உனக்கு நான் காட்டினதில்லையே? ஒரே மாடல், ஒரே நாள்ல வாங்கினது. இது என்னோடது, நூறு. இது உங்கண்ணியோடது, எழுபத்தொண்ணு. இதனாலதான் பாவம், போன வாரம் ஒரு மாசமான பொண்ணு லிஃப்டுக்குள்ள..."

"நிறுத்துங்க," என்றாள் அவள், அறை வாசலில் நின்று.

"என்னம்மா, தூங்கலையா?"

"இன்னிக்குத் தூங்கலை. அதான் வினை." நேராக மேசைக்கு வந்து தன் போனை எடுத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து நாத்தனார் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "படிங்க. என் போனோட இணைஞ்சிருக்கிறது யாருன்னு சத்தமாப் படிங்க."

நாத்தனார் படித்தாள். "நூறு." பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அது வந்து... மீட்டிங்குக்கு... ஒரே வீடுதானே, உன் போன் என் போன்னு என்ன பிரிச்சுப் பார்க்கிறது?"

"பிரிச்சுப் பார்க்கிறது யாரு? வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் ரெண்டையும் பிரிச்சு வெச்சுக் காட்டறது யாரு? உங்க பேட்டரி நூறுல நிக்கிறதுக்கு என் பேட்டரியை எரிச்சிருக்கீங்க! பார்த்துக்கிட்டா நிக்கும்னு எனக்கே பாடம் வேற. இவ்ளோ நாளா என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க, நானும் காரம் தெரியாம உட்கார்ந்திருக்கேன்!"

"சத்தியமா உனக்குக் கெடுதல் நினைச்சுப் பண்ணலைம்மா. எண்பதுக்கு மேல ஏறினா உன் பேட்டரிக்குத்தான் கெடுதல்னு பார்த்துப் பார்த்துப் பிடுங்கினேன்..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முதல் தடவை போன் அணைஞ்சப்போ உங்களுக்குப் புரியாம இருந்திருக்கலாம். ரெண்டாவது தடவை, அந்தப் பொண்ணு மாட்டின அன்னிக்கு, நான் இதே இடத்துல உட்கார்ந்து அழுதேனே. எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்களே. அப்போ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மேசையைப் பார்த்தான். தங்கை அவனைப் பார்த்தாள். அறைக்குள் கம்ப்யூட்டரில் யாரோ அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்," என்றான் கடைசியில்.

கத்துவாள், எதையாவது போட்டு உடைப்பாள் என்று நாத்தனார் பயந்துபோய் எழுந்து நின்றாள். அவள் எதையும் உடைக்கவில்லை. சேலை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி, அவன் போனின் ஓரத்து ஓட்டையில் குத்தினாள். சிம் வெளியே வந்தது. தன் போனிலும் குத்தினாள். அவன் சிம்மைத் தன் போனில் போட்டாள், தன் சிம்மை அவன் போனில் போட்டாள். நாள் முழுக்க இண்டு இடுக்கில் கை விட்டு ஸ்க்ரூ முடுக்குகிறவள், அவளுக்கு இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஐயோ, அதை வெறும் ஊக்கால நோண்டாதே, கீறல் விழுந்திடும்!" அந்த நேரத்திலும் அவன் வாயிலிருந்து வந்தது அதுதான். நாத்தனாரே "சீ, சும்மா இருண்ணா," என்றாள்.

"அறுபத்தெட்டு சார்ஜ் இருக்கு," என்று அவள் எழுபத்தொன்றை அவன் முன்னால் நகர்த்தினாள். "உங்களுக்குத்தான் வெச்சுக்கத் தெரியுமே. வெச்சுக்கங்க. என்னோடது இனிமே இதுதான். பூட்டு என்ன, சொல்லுங்க."

அவன் சொல்லத் தயங்கினான். அதற்குள் அவள் கையிலிருந்த போனே அதிர்ந்தது. சத்தத்தை அடக்கியே பழகிய போன் இல்லையா, மணியில்லாமல் உறுமியது. பெயர் வராத எண், ஆனால் அந்த எண் அவளுக்கு மனப்பாடம். கம்பெனி. இரண்டாவது உறுமலில் எடுத்தாள்.

"சொல்லுங்க சார். ... எத்தனையாவது மாடி? ... உள்ள எத்தனை பேர்? ... பதினஞ்சு நிமிஷத்துல இருப்பேன்."

டூல் பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டியிருந்தது ஒரு தகப்பனும் அவர் கைக்குழந்தையும். மெஷின் ரூமுக்கு ஏறி மெயினை அணைத்தாள், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி லிஃப்டை அடுத்த தளத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள், ஓடிவந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்துவிட்டாள். பத்தொன்பது நிமிஷம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா," என்றார் தகப்பன். அந்த நல்ல வார்த்தைக்கு முகம் மலரவில்லை அவளுக்கு. போன வாரமும் இப்படி வந்திருக்கலாமே என்ற எரிச்சல்தான் மூண்டது.

மெஷின் ரூமைப் பூட்டும்போது போன் உறுமியது. நாத்தனார் எண். பேசியது அவன்.

"உன் போன் அணைஞ்சு போச்சு. முப்பத்தொண்ணு காட்டுச்சு, பட்டுன்னு போயிடுச்சு. மீட்டிங் பாதியில. மேனேஜர் என்ன நினைச்சிருப்பார்? என் போன் எப்பத்தான் தருவே?"

"முப்பத்தொண்ணுல போகும். இல்லாட்டி இருபத்தொம்பதுல போகும். எனக்கு ஒரு வருஷமா தெரியும்," என்றாள். "உங்க மேனேஜர் என்ன நினைச்சா என்ன? லிஃப்டுல மாட்டாம வெளிச்சத்துலதானே உட்கார்ந்திருக்கார்? நாளைக்கு நான் வேலை முடிஞ்சு வந்ததும் கிளம்பி இருங்க. ஒரு இடத்துக்குப் போகணும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனாள். லிஃப்டில் ஏறினார்கள். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வரும்போது அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் நின்றது. அவன் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

"என்னாச்சு? என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. இங்கதான்." அவன் நெற்றியில் வேர்வை பொடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். "அவ எழுபது நிமிஷம் நின்னா," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விடுவித்தாள்.

ஆறாவது மாடியில் மணியை அடித்தாள். மாசமான பெண் கதவைத் திறந்தாள், அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. "மறுபடி என்ன?"

அவள் ஒதுங்கி அவனை முன்னால் விட்டாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"வணக்கங்க. நான் இவங்க வீட்டுக்காரர். அன்னிக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தம். அது வந்து, இவங்க போன்ல பேட்டரி கொஞ்சம் வீக்கு. ரெண்டு வருஷம் ஆனா அப்படித்தான் ஆகும், அதனால..."

"நிறுத்துங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "முதல்லேருந்து திரும்பச் சொல்லுங்க. பேட்டரி தானா வீக்காகலை. அதைத் தின்னது யாருன்னு சொல்லுங்க. எண்பதுல பிடுங்கினது யாருன்னு சொல்லுங்க. தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்தது யாருன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். போன தடவை மாதிரி கதவைச் சாத்தவில்லை.

"நான்தாங்க," என்றான் அவன்.